வாயில் மறுத்தலும் வாய் மூடலும்

(திருமழிசையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நீண்ட மணவாழ்வில் கணவன் மனைவி நெருக்கத்தைக் குறைப்பது உழைப்பின் களைப்பே! உள்ளத்தின் மௌனமே! 'மௌனமே' அணியின் நிறைவுப் பேச்சாளர் உரை)

நடுவர் அவர்களே, களைப்பு களைப்பு என்று பேசிப் பேசி எங்களையும் களைப்பாக்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே (சிரிப்பு), என் அணித் தோழர்களே, குடும்பம் குடும்பமாக வந்து அமர்ந்திருக்கும் திருமழிசைப் பெருமக்களே!

இந்த ஊர் மண்ணில் நின்று பேசும்போது திருமழிசை ஆழ்வாரை நினைக்காமல் பேச முடியாது. காஞ்சிபுரத்திலே அவருடைய சீடர் கணிகண்ணனை அரசன் ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்பினான். ஆழ்வாரும் கிளம்பினார். பெருமாளைப் பார்த்து, நீரும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வாரும் என்றார். பெருமாள் எழுந்து வந்துவிட்டார். அரசன் தவறை உணர்ந்து திரும்ப அழைத்தான். மறுபடியும் படுத்துக்கொள்ளும் என்றார் ஆழ்வார். பெருமாள் படுத்துக்கொண்டார். திருவெஃகாவில் இன்றைக்கும் அவருக்குப் பெயரே 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்'.

நடுவர் அவர்களே, கவனியுங்கள். சொன்ன வண்ணம் செய்தார். ஆழ்வார் சொன்னார்; அவர் செய்தார். எல்லாம் அறிந்த பெருமாளிடமே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது! நம் வீட்டிலே இருக்கிற மனுஷன் சொல்லாமலே புரிஞ்சுக்கணும் என்று எதிர்பார்த்தால் நடக்கிற காரியமா? (கைதட்டல்)

இன்றைய தலைப்பு கொஞ்சம் கூச்சமான தலைப்பு. குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிற சபை. எனவே அளந்து பேசுவேன். ஆனால் பேசாமல் இருக்க மாட்டேன். ஏனென்றால் பேசாமல் இருப்பதுதான் நோய் என்று சொல்ல வந்திருக்கிற அணி நாங்கள்.

எதிரணியில் பேசிய தம்பி என்ன சொன்னார்? "அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, நைட் ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி ஆவடிக்கு வேலைக்குக் கிளம்பிட்டு இருக்கா. வாசப்படியில பாத்துக்கிறோம். அப்புறம் எங்கே சார் நெருக்கம்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். உண்மைதான். உழைக்கிற சனங்களின் களைப்பை நான் மறுக்கவில்லை. இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்றவனுக்குப் பகலில் தூக்கம்தான் சொர்க்கம். காலை நாலரைக்கு எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்கிற பெண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்குக் கால் வலிதான் துணை.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். நேரம் இல்லாததுதான் காரணம் என்றால், 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு வந்ததே, அப்போது என்ன நடந்திருக்க வேண்டும்? கோயம்பேடு காய்கறிச் சந்தையையே தூக்கிக்கொண்டு வந்து இந்தத் திருமழிசையில் வைத்தார்கள். மே மாதம். அந்த நாட்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள்ளே. ஷிப்ட் இல்லை, பஸ் இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் கணவனும் மனைவியும் எதிரும் புதிருமாக. எதிரணி சொல்வது சரியென்றால், வீட்டுக்கு வீடு இரண்டாம் தேனிலவு நடந்திருக்க வேண்டுமே! நடந்ததா? (சிரிப்பு, கைதட்டல்) தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் அந்த ஊரடங்கில் கூடின என்பதுதான் செய்தி. நேரம் கிடைத்தது நடுவர் அவர்களே, பேச்சு கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தினம், கணம் என்று தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை. அதிலே ஒன்று யோனிப் பொருத்தம். ஜோசியர் அதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு, "இருக்கு, அடுத்தது" என்று போய்விடுவார். (சிரிப்பு) பெண்ணின் அப்பா மோட்டுவளையைப் பார்ப்பார். பையனின் அம்மா தாம்பூலத் தட்டைச் சரி செய்வார். அந்த ஒரு நிமிடத்தோடு அந்தப் பேச்சு அந்தக் குடும்பத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம், நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்கிற இரண்டு பேர், ஒரு தடவைகூட அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தமிழனுக்கு இந்தக் கூச்சம் ஆதியில் இருந்ததா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்துப் பொருத்தம் சொல்கிறார். பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. பிறப்பையும் குடியையும் வயதையும் அழகையும் சொன்னவர், ஆறாவதாகக் காமவாயிலைச் சொன்னார். அதாவது, ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கிற விருப்பமும் ஒத்திருக்க வேண்டும் என்றார். அதை அருளுக்கும் உணர்வுக்கும் பக்கத்திலேயே வைத்தார். மறைக்க வேண்டிய பொருளாக அவர் அதை நினைக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அகத்திணை ஏழு. நடுவில் இருக்கிற ஐந்தும் இருவர் மனமும் ஒத்த அன்பு. ஒரு பக்கம் கைக்கிளை. அது ஒருதலைக் காமம். இன்னொரு பக்கம் பெருந்திணை. அது பொருந்தாக் காமம். விருப்பம் அளவு மீறி வலிமை காட்டுகிறதே, அதையும் பெருந்திணையில்தான் தள்ளினார் தொல்காப்பியர். தாலி கட்டியவன் என்றால் விலக்கு உண்டு என்று எங்கேயும் அவர் எழுதவில்லை. (கைதட்டல்)

ஆனால் நடுவர் அவர்களே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் ஒத்திருந்த விருப்பம் இருபது வருஷம் கழித்தும் அதே அளவில் ஒத்திருக்குமா? இருக்காது. ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் ஒருவருக்கு நாலு இட்லி வேண்டும், ஒருவருக்கு இரண்டு போதும். அதற்காக யாராவது "எனக்குப் பசிக்கும்போது உனக்கு ஏன் பசிக்கல? உனக்கு என்மேல பாசமே இல்ல" என்று சண்டை போடுகிறோமா? (சிரிப்பு) ஆனால் இந்தப் பசியில் மட்டும் போடுகிறோம். வாயால் போட்டாலாவது பரவாயில்லை. மனசுக்குள் போடுகிறோம்.

விருப்பம் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது? உடம்புக்குள் காரணம் இருக்கிறது. பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிற காலத்தில் பெண்ணின் உடம்பில் ஹார்மோன் மாறுகிறது. ஆசை அடங்குவது இயற்கை. நாற்பதுகளின் பிற்பகுதியில் மாதவிடாய் நிற்கிற காலம். அப்போது உறுப்பில் ஈரம் குறையும், சேர்க்கையே வலியாகும். ஆணுக்குச் சர்க்கரை வியாதி வந்தால் நரம்பும் ரத்தக் குழாயும் கெடும். மனதில் ஆசை இருக்கும், உடம்பு ஒத்துழைக்காது. சிலருக்கு இந்தக் குறைதான் வரப்போகிற இதய நோய்க்கு முன்னறிவிப்பு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தைராய்டு, மனச்சோர்வு இரண்டுமே விருப்பத்தைக் குறைக்கும். மனச்சோர்வுக்குத் தருகிற சில மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்குத் தருகிற சில மாத்திரைகள்கூடக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இத்தனை காரணங்களில் "எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை" என்பது எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. ஆனால் எதிரில் படுத்திருப்பவருக்குக் கேட்பது அந்த ஒன்றுதான். காரணம் சொல்லப்படாத இடத்தில், மனசு தானாக ஒரு காரணத்தை எழுதிக்கொள்கிறது. எப்போதும் மோசமான காரணத்தையே எழுதிக்கொள்கிறது.

ஒரு பட்டிமன்றம் முடிந்து நான் வண்டி ஏறப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து பக்கத்தில் வந்தார். "சார், ஒரு விஷயம். யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். "சொல்லுங்க" என்றேன். "என் சம்சாரம் மூணு வருஷமா பொண்ணு ரூம்ல படுத்துக்கிறா. சண்டை ஒண்ணும் இல்ல சார். டயத்துக்குக் காபி குடுக்கிறா, சட்டை தேய்ச்சு வெக்கிறா. ஆனா நான் கிட்ட போனா எழுந்து போயிடறா. நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" அவர் கண் கலங்கிவிட்டது. "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றேன். "எப்படி சார் அதைப் போய் கேக்கிறது?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாத என்னிடம் சொல்ல முடிகிறது. கட்டிய மனைவியிடம் கேட்க முடியவில்லை!

"கோவமா கேக்காதீங்க. ராத்திரி கேக்காதீங்க. பகல்ல, கோயிலுக்கோ கடைக்கோ நடந்து போகும்போது, 'உனக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா'ன்னு மட்டும் கேளுங்க" என்றேன். ரொம்ப நாள் கழித்துப் போன் செய்தார். அந்த அம்மாவுக்கு மாதவிடாய் நின்றதிலிருந்து சேர்க்கையில் தாங்க முடியாத வலி. சொன்னால் கணவர் வேறு எங்காவது மனசைத் திருப்பிவிடுவாரோ என்று பயம். சொல்லாமல் மகள் அறைக்குப் போய்விட்டார். இவர் என்ன நினைத்தார்? எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது, நான் கிழவன் ஆகிவிட்டேன், அதனால் ஒதுக்குகிறாள் என்று. ஒருவர் பயத்தில் ஒதுங்கினார். ஒருவர் அவமானத்தில் ஒதுங்கினார். மூன்று வருஷம்! லேடி டாக்டரிடம் போனார்கள். தடவிக்கொள்ள மருந்து கொடுத்தார். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. "பேசிக்கிறோம் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். (நீண்ட கைதட்டல்)

கணவனுக்குத்தான் விருப்பம் அதிகம், மனைவிக்குக் குறைவு என்று எதிரணி அம்மையார் ஒரு கணக்குப் போட்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை அம்மா. கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிற வீடுகளும் உண்டு. அந்தப் பெண்ணின் நிலைமை இன்னும் கொடுமை. ஆண் ஏங்கினால் ஊர் சிரிக்கும். பெண் ஏங்கினால் ஊர் பழிக்கும். "பொம்பளைக்கு இதெல்லாம் என்ன கேள்வி? தோளுக்கு மேல புள்ள நிக்குது" என்று அவள் வாயை அடைக்கிறோம். அவள் யாரிடம் போவாள்? டாக்டர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினாரே, நினைவிருக்கிறதா? ஒரு மனநல மருத்துவர் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு, சாதாரணத் தமிழில் தாம்பத்தியத்தைப் பற்றிப் பதில் சொன்னார். வீட்டுக்குள் கேட்க முடியாத கேள்வியை டி.வி.யில் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் நம் மௌனத்துக்குச் சாட்சி.

மௌனம் முற்றினால் எங்கே போகிறது? கோர்ட்டுக்குப் போகிறது. சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 செப்டம்பரில் தீர்ப்பு. போதிய காரணம் இல்லாமல் நீண்ட காலம் துணைவருக்குத் தாம்பத்திய உறவை மறுப்பது மனரீதியான கொடுமை என்றது நீதிமன்றம். உடனே சில ஆண்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். (சிரிப்பு) 'போதிய காரணம் இல்லாமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. மனைவியின் விருப்பத்தை மீறி அவள் உடலைக் கணவன் தன் சொத்துப் போல நடத்துவதும் கொடுமைதான். அதற்காக அவள் விவாகரத்துப் பெறலாம் என்றது. காரணமின்றிக் காலமெல்லாம் மறுப்பதும் கொடுமை, வற்புறுத்துவதும் கொடுமை.

இந்து திருமணச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிரிந்து போன துணைவரைச் சேர்ந்து வாழச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடலாம். 1983-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சரி, உத்தரவை மீறினால் என்ன செய்யலாம்? சொத்தை ஜப்தி செய்யலாம். ஆளைக் கட்டி இழுத்து வர முடியாது. நான் கேட்கிறேன், பீரோவை ஜப்தி செய்யலாம், பிரிட்ஜை ஜப்தி செய்யலாம். ஆசையை ஜப்தி செய்ய முடியுமா? (பலத்த கைதட்டல்) நீதிமன்றம் பிரித்து வைக்கலாம், சேர்ந்திருக்கச் சொல்லலாம். விரும்ப வைக்க முடியாது. அதை அந்த இரண்டு பேர்தான் செய்ய வேண்டும்.

எப்படிச் செய்வது? வள்ளுவரிடம் போவோம். காமத்துப்பாலில் அதிகாரங்கள் இருபத்தைந்து. கல்யாணத்துக்கு முந்தைய களவியலுக்கு அவர் கொடுத்தது ஏழு. கல்யாணத்துக்குப் பிந்தைய கற்பியலுக்குக் கொடுத்தது பதினெட்டு! நம் சினிமாவில் தாலி கட்டியவுடன் வணக்கம் போட்டுவிடுகிறார்கள். (சிரிப்பு) வள்ளுவருக்குக் கதையே அங்கேதான் ஆரம்பம். அந்தப் பதினெட்டில் கடைசி மூன்று புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. உலகுக்கே அறம் சொன்ன நூல், கணவன் மனைவி பிணக்கில் போய் முடிகிறது. அவன் தும்மினால் "யார் நினைச்சாங்க?" என்று அழுகிறாள். தும்மலை அடக்கினால் "யார் நினைக்கிறதை மறைக்கிறே?" என்று அழுகிறாள். (சிரிப்பு) ஊடல் உப்பு மாதிரி என்கிறார் வள்ளுவர். இல்லாவிட்டால் ருசி இல்லை. கொஞ்சம் கூடினாலும் வாயில் வைக்க முடியாது.

"அப்படியானால் அவள் பேசாமல் இருப்பதும் ஊடல்தானே?" என்று எதிரணியில் குறுக்கே கேட்டார்கள். இல்லை ஐயா. ஊடல் வேறு, மௌனம் வேறு. ஊடலில் முகம் திரும்பியிருக்கும், காது இந்தப் பக்கம் இருக்கும். மௌனத்தில் முகமும் இல்லை, காதும் இல்லை. ஊடுகிறவள் கேட்கப்பட விரும்புகிறாள். மௌனமானவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள்.

அகப்பாடல்களில் ஒரு துறை உண்டு. 'வாயில் வேண்டல்'. தவறு செய்த தலைவன் வாசலில் நின்று உள்ளே வர வேண்டுகிறான். அடுத்த துறை 'வாயில் மறுத்தல்'. தலைவி முடியாது என்கிறாள். பிறகு 'வாயில் நேர்தல்'. சரி வா என்கிறாள். கேட்பதற்கு ஒரு துறை, மறுப்பதற்கு ஒரு துறை, இசைவதற்கு ஒரு துறை. இவர்களுக்கு இடையில் தூது போக, தோழி முதல் கண்டோர் வரை பன்னிரண்டு வாயில்களைத் தொல்காப்பியர் பட்டியல் போட்டார். அந்தத் தலைவன் பரத்தையிடம் போய்விட்டு வந்தவன். அந்தக் காலத்து நியாயத்தை நான் கொண்டாட வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவள் மறுத்ததைக் குற்றம் என்று யாரும் எழுதவில்லை. இலக்கணம் அந்த மறுப்புக்குப் பெயர் வைத்து இடம் கொடுத்தது. இன்றைக்கு அந்தப் பன்னிரண்டு பேரும் இல்லை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் நமக்கும் நடுவே செல்போன் ஒன்றுதான் இருக்கிறது. அது தூது போகாது. (கைதட்டல்)

எனவே நம் வாயைத்தான் வாயிலாக்க வேண்டும். கேட்கத் தெரிய வேண்டும். "உனக்கு எப்பவும் இதே பதில்தான்" என்பது கேட்பதல்ல, குற்றப்பத்திரிகை. மறுக்கவும் தெரிய வேண்டும். "சீ, வயசு என்ன ஆகுது?" என்பது மறுப்பல்ல, அவமானம். "இன்னைக்கு முடியலைங்க, முதுகு வலிக்குது. பக்கத்துல உக்காருங்க, பேசிட்டு இருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் மறுப்புதான். ஆனால் கதவைச் சாத்தாத மறுப்பு. கேட்க இருவருக்கும் உரிமை உண்டு. கேட்டது கிடைத்தே ஆக வேண்டும் என்ற உரிமை யாருக்கும் கிடையாது. தொட்டாலே அதற்குத்தான் என்று ஆகிவிட்ட வீட்டில் தொடுவதே நின்றுபோகும். எதையும் எதிர்பார்க்காமல் கையைப் பிடியுங்கள், தலைவலித் தைலம் தடவுங்கள். உடம்பில் கோளாறு என்றால் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போங்கள். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற லாட்ஜ் வைத்தியரிடம் போகாதீர்கள். படித்த டாக்டரிடம் போங்கள். (சிரிப்பு)

இவ்வளவு பேசிய பிறகும் ஒருவருக்கு நாலு இட்லி, ஒருவருக்கு இரண்டு என்ற கணக்கு மாறாமல் இருக்கலாம். பேச்சு எல்லா வித்தியாசத்தையும் அழித்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வித்தியாசத்தோடு வாழ்ந்துவிடலாம். வெறுக்கப்படுகிறோம் என்ற எண்ணத்தோடு வாழ முடியாது. அந்த எண்ணத்தை ஊட்டி வளர்ப்பது களைப்பு அல்ல. களைப்புக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு மருந்து இருக்கிறது. மௌனத்துக்கு எந்தக் கிழமையும் விடுமுறை இல்லை.

நடுவர் அவர்களே! நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் வாசற்படியில், "தூங்கி எழுந்து உன்னோட கொஞ்ச நேரம் பேசணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்தால், வேலைக்குக் கிளம்புகிற அந்தப் பெண்ணுக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் மனசில் இடம் கிடைத்துவிடும். அந்த வார்த்தைக்கு அரை நிமிடம் போதும். அது இல்லாத வீட்டில் ஆண்டு முழுக்க லீவு விட்டாலும் நெருக்கம் வராது. எனவே, நீண்ட மணவாழ்வில் நெருக்கத்தைக் குறைப்பது உள்ளத்தின் மௌனமே, மௌனமே என்று தாங்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)